நாலாவது சொட்டு

முதல் சொட்டு எரிந்தது. இரண்டாவது அவ்வளவாக எரியவில்லை, அல்லது எரிச்சல் இப்படித்தான் இருக்கும் என்று கண் தெரிந்துகொண்டுவிட்டது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கப் போன என் கையைப் பிடித்து அதில் ஒரு பஞ்சுத் துண்டைத் திணித்துவிட்டு, கண்ணைத் திறக்கக் கூடாது, பத்து நிமிஷம் கழித்து வருவேன் என்று சொல்லி சிஸ்டர் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். அவளுடைய செருப்புச் சத்தம் ஒவ்வொரு நாற்காலியிலும் நின்று நின்று போகிறது. இந்த வரிசையில் சொட்டு விட்டுக்கொண்டவர்கள் பதினோரு பேர் இருக்கிறோம், கண்ணை மூடும் முன்னால் எண்ணிவிட்டேன். பதினோரு பேரும் முகத்தை லேசாகத் தூக்கி, கண்ணை மூடி, சுவரில் தலையைச் சாய்த்திருப்பதை வாசலில் நின்று பார்க்கிறவர்களுக்கு ஏதோ வேண்டுதல் நடக்கிற மாதிரி இருக்கும். தொண்டையில் கசக்கிறது. கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் எப்படிக் கசக்கும்? கண்ணுக்கும் தொண்டைக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது என்று இருபத்து மூன்று வயதில் இன்றைக்குத்தான் தெரிகிறது. யாரும் சொல்லவில்லை, கசப்பே நடந்து வந்து சொல்லிவிட்டது. என் இடப்பக்கம் மதினி, அண்ணனின் மனைவி பொன்கனி. பார்க்காமலே தெரியும், தையல் மிஷின் எண்ணெயும், காலையில் திருச்செந்தூர் பாசஞ்சரில் வைத்து உரித்த ஆரஞ்சுத் தோலும் கலந்த வாசனை. மதினிக்குச் சொட்டு இல்லை. அதனால் அவளுக்குக் கண்ணும் திறந்திருக்கிறது, வாயும் திறந்திருக்கிறது. என் வலப்பக்கத்து நாற்காலிக்காரரிடம் என்னைத் தாண்டியே பேசிக்கொண்டிருக்கிறாள். அவர் கயத்தாறு, லாரி ஓட்டியவர், ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, மற்றக் கண்ணுக்கு வந்திருக்கிறார் என்பதெல்லாம் நாங்கள் உட்கார்ந்த ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டது. நான் ஒரு வேலி மாதிரி நடுவில் இருக்கிறேன். எனக்கு அது சௌகரியம். பேச்சுக்கு நடுவில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

கண்ணை மூடியதில் ஒரு நிம்மதி, ஈ இல்லை. ஒன்பது நாளாகக் கண் திறந்திருக்கிற நேரமெல்லாம் ஈ இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மாடிக் கொடியில் துணி எடுக்கப் போனபோது வானத்தில் அதை முதலில் பார்த்தேன். கறுப்பாக ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் நூல் பிரிந்த மாதிரி இரண்டு வால். நான் திரும்பினால் அதுவும் திரும்பியது, ஆனால் கொஞ்சம் தாமதமாக, கூப்பிட்ட பிறகு எழுந்து வருகிற பிள்ளை மாதிரி. நிமிர்ந்தால் மேலே போய், மெதுவாக இறங்கி வந்து அதே இடத்தில் நின்றது. அன்றைக்கே தெரிந்துவிட்டது, அது வானத்தில் இல்லை, என் கண்ணுக்குள் இருக்கிறது. மைனஸ் ஒன்பதரைக் கண்ணாடி போட்டவர்களுக்கு இப்படி வரும் என்று எங்கேயோ படித்திருந்தேன். சில பேருக்கு அது ஒன்றுமில்லை, சில பேருக்கு விழித்திரை கிழிகிறதன் அடையாளம் என்றும் படித்திருந்தேன். ஒன்றுமில்லை என்பதை இரண்டு தடவை படித்தேன், கிழிகிறது என்பதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா நோட்டையும் புத்தகத்தையும் பிடுங்கிப் பரணில் வைத்துவிடுவாள். பொடி எழுத்தைப் படித்துப் படித்துத்தான் கண் போச்சு என்பது நான் ஏழாம் வகுப்பில் முதல் கண்ணாடி போட்டதில் இருந்து அம்மா சொல்வது. சாப்பிடும்போது மட்டும் பிசகிவிட்டது. முந்தாநாள் ராத்திரிச் சோற்றுக்கு மேலே அது பறந்தபோது கையை வீசி விரட்டினேன். இரண்டாம் தடவையும் விரட்டினேன். மதினி குழம்பு ஊற்றிய கரண்டியை அப்படியே வைத்துக்கொண்டு என் கை போன இடத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அங்கே ஈயே இல்லையே என்று அவள் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மதினி எதையும் சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை. மறுநாள் காலையில் அம்மாவிடம் போய், ஜாக்கெட் லைனிங் துணி தீர்ந்துபோயிற்று, திருநெல்வேலிக்குப் போக வேண்டும், துணைக்குச் சக்தியைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டாள். ரயில் நாசரேத்தைத் தாண்டிய பிறகுதான் என் காதில், கண்ணாசுபத்திரிக்கு என்றாள். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

விழித்திரை கிழிந்திருந்தால் என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும், அதையும் படித்துவிட்டேன். சின்னதாக இருந்தால் லேசர். பெரிதாக இருந்தால் ஆபரேஷன், கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டு, அது கரைகிற வரைக்கும் குப்புறப் படுத்துக் கிடக்க வேண்டும். இரண்டு வாரம், சில பேருக்கு அதற்கும் மேலே. சாப்பிடும்போதும் குனிந்தபடியே. தேர்வுக்குப் பத்தொன்பது நாள் இருக்கிறது. ஹைதராபாத்தில் மொழியியல் எம்.ஏ. படிக்க நுழைவுத் தேர்வு, மதுரையில் போய் எழுத வேண்டும். நான் கணக்குப் படித்தவள், வீட்டில் யாருக்கும் இந்தப் படிப்பின் பெயரே வாயில் நுழையவில்லை. மதினி மட்டும்தான் விண்ணப்பத்தை ஒரு தடவை முழுக்கப் பார்த்துவிட்டு, போய்ட்டு வா என்றாள், ஏதோ நான் தெருமுனைக்குப் போகிற மாதிரி. பத்தொன்பதில் இரண்டு வாரம் போனால் ஐந்து நாள். ஐந்து நாளில் திருப்பிப் படித்துவிட முடியுமா? முடியும், ஆனால் குப்புறக் கிடந்து எழுந்த கண்ணோடு மூன்று மணி நேரம் வினாத்தாளைப் பார்க்க விடுவார்களா? விடமாட்டார்கள். அப்படியானால் அடுத்த வருஷம். அடுத்த வருஷம் வீட்டில் வேறு பேச்சு வந்திருக்கும், ஏற்கனவே தூத்துக்குடியில் இருந்து ஒரு ஜாதகம் அலமாரியில் மஞ்சள் தடவி இருக்கிறது. சரி, இதை நினைக்க வேண்டாம். சிஸ்டரின் செருப்புச் சத்தத்தைக் கேட்போம். அவள் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டாள். யாரோ ஒரு அம்மா, திறக்காம எப்படி இருக்கது, எனக்கு மூச்சு முட்டுது என்கிறாள். கண்ணை மூடினால் மூச்சு முட்டுமா? முட்டலாம். குப்புறக் கிடந்தால் நிச்சயம் முட்டும். பாருங்கள், திரும்பவும் அங்கேயே வந்து நிற்கிறேன்.

மடியில் நோட்டு இருக்கிறது. அதன் மேலே இரண்டு கையையும் வைத்திருக்கிறேன். இது மதினியின் அளவு நோட்டு. முன்பக்கத்தில் இருந்து ஊர்ப் பெண்களின் ஜாக்கெட் அளவுகள், கை நீளம், கழுத்து ஆழம், பிடிப்பு எங்கே வர வேண்டும் என்பதெல்லாம் மதினியின் சாய்ந்த எழுத்தில். பின்பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினால் என் வார்த்தைகள். கல்லூரி முதல் வருஷத்து விடுமுறையில், கையில் வேறு தாள் கிடைக்காமல் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தையை எழுதிவைத்தேன். மதினி திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கமிருந்தும் நான் இந்தப் பக்கமிருந்தும் வந்துகொண்டே இருக்கிறோம். இப்போது நடுவில் நாலு தாள்தான் வெற்றாக இருக்கிறது. ஒவ்வொரு ஆங்கில வார்த்தைக்கும் பக்கத்தில் அது எந்த ஊர்ப் பிள்ளை, எதன் வழியாக வந்தது, வருவதற்கு முன்னால் என்னவாக இருந்தது என்று எழுதுவேன். அர்த்தம் தெரிந்துகொள்வதில் எனக்கு அவ்வளவு ஆசை இல்லை, அதைப் போனில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பெரிய ஆளை, வெள்ளை வேட்டி கட்டி மேடையில் உட்கார்ந்திருக்கிறவரைப் பார்க்கும்போது, இவர் சின்ன வயதில் மூக்கொழுகிக்கொண்டு யார் வீட்டு வாசலில் நின்றிருப்பார் என்று எனக்குத் தோன்றும். வார்த்தைகளிடமும் அதையேதான் கேட்கிறேன். நான் எழுதிய முதல் வார்த்தை ப்யூப்பில். கண்ணின் கருமணிக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். லத்தீனில் அது சின்னப் பொம்மை. இன்னொருவருடைய கண்ணுக்குள் கிட்டத்தில் பார்த்தால் நம்முடைய உருவம் குட்டியாகத் தெரிகிறதே, அந்தப் பொம்மை. கல்லூரி நூலகத்தில் தடித்த அகராதியில் அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் நாமும் அதைப் பாவை என்றுதான் சொல்கிறோம். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இரண்டு ஊர்க்காரர்கள், தனித்தனியாக, பக்கத்தில் இருக்கிறவளின் கண்ணுக்குள் எட்டிப் பார்த்து ஒரே பொம்மையைக் கண்டிருக்கிறார்கள். அன்றைக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. நூலகத்தில் என் எதிரே ஒரு பெண் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்ல வாயைத் திறந்து, இந்த இடத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பற்றியே கேட்டிருக்கிறேன்.

இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. ப்யூப்பிலை மட்டும் இல்லை, எதையுமே. அறுநூறு வார்த்தைக்கு மேல் இருக்கும், ஒன்றைக்கூட என் வாய் உச்சரித்ததில்லை. பாளையங்கோட்டையில் இரண்டாம் வருஷம், ஆங்கில வகுப்பில் மேடம் திடீரென்று மிஸ்டரி என்கிற வார்த்தை எங்கிருந்து வந்தது, யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். அறுபது பேரில் எனக்கு மட்டும் தெரியும். கிரேக்கத்தில் மூடுவது என்ற வார்த்தையின் பிள்ளை அது, வாயை மூடுவது, கண்ணை மூடுவது. கிட்டப்பார்வைக்குச் சொல்கிற மயோப்பியாவும் அதே வயிற்றுப் பிள்ளைதான், கண்ணைச் சுருக்கி மூடிப் பார்ப்பவர்கள் என்பதால். கிட்டப்பார்வைக்காரியான நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை மேசைக்கு அடியில் ஒரு அங்குலம் எழும்பியது, அது எனக்குத் தெரியும். மேடம் மூன்று வினாடி பார்த்தார். பிறகு அவரே சொல்லிவிட்டார், அதிலும் பாதிதான் சொன்னார். அந்த மூன்று வினாடிக்குள் நான் இன்னும் சில நாள் போய் உட்கார்ந்துகொள்கிறேன். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. எல்லோரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அதுதான், திரும்பிப் பார்த்திருப்பார்கள். ஒரு வார்த்தை சொன்னால் அறுபது முகம் திரும்பும் என்றால் ஒரு வார்த்தையின் விலை ரொம்ப அதிகம் என்று அப்போது தோன்றியது. ரிசப்ஷனில் இன்று காலை என் பெயரைக் கேட்ட பெண்ணும் அப்படித்தான் பார்த்தாள். பிரம்மசக்தி என்று நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை, இவ்வளவு பெரிய பெயரை இவ்வளவு சின்னக் குரலில் சொன்னால் யாருக்குக் கேட்கும், மதினிதான் முன்னால் வந்து உரக்கச் சொன்னாள். அந்தப் பெண் ஒற்றைப் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அப்போது ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது, சூப்பர்சீலியஸ், பெரிய இவள் என்று நினைப்பு. அது லத்தீனில் முகத்தில் இருக்கிற ஏதோ ஒன்று. என்னது? இமையா? நெற்றியா? மூக்கா? எழுதியிருக்கிறேன், பச்சை மையில், பக்கத்தின் கீழே இடது மூலையில். எழுத்தின் நிறம் ஞாபகம் இருக்கிறது, எழுதியது ஞாபகம் இல்லை. கண் போகப் போகிறது என்றால் ஞாபகமும் சேர்ந்து போய்விடுமா? ஒருவேளை எல்லா வார்த்தையும் இப்படித்தானோ, பச்சை மையாக மட்டும் மிஞ்சுமோ? நெற்றி, இமை, மூக்கு. மூக்கு இல்லை.

ஒரே ஒரு தடவை பார்த்தால் என்ன. சிஸ்டரின் செருப்பு தூரத்தில் இருக்கிறது. துப்பட்டாவை முகத்துக்கு முன்னால் இழுத்து, அதற்குள்ளே நோட்டைத் தூக்கி, வலது கண்ணை நூலளவு திறந்தேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு எல்லாம் பனி, ஆனால் மூக்கை ஒட்டிப் பிடித்தால் மட்டும் எழுத்து துல்லியமாகத் தெரியும், எந்த மருந்தும் அதை ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்தது. பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். புருவம். புருவமேதான்! அவள் அதைத் தூக்கிக் காட்டிக்கொண்டு எதிரே நின்றும் எனக்கு மறந்துவிட்டது. ஒன்று பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்தில் இருந்த வார்த்தையையும் பார்த்தேன், அதற்கு அடுத்ததையும். ஈ எழுத்துகளுக்கு மேலே ஊர்ந்து போனது, அதைத் தள்ளித் தள்ளி ஒரு பக்கம் முழுக்கப் படித்துவிட்டேன், பிறகு இடது கண்ணாலும். செருப்புச் சத்தம் எனக்கு எதிரே நின்றதை நான் கேட்கவே இல்லை. டார்ச் வெளிச்சம் விழுந்தது, ஒரு கண், மறு கண். சிஸ்டர் மூன்றாவது சொட்டை விட்டாள். பிறகு, எல்லாருக்கும் இந்நேரம் கருமணி விரிஞ்சிருச்சு, உங்களுக்கு மட்டும் பாதியில நிக்குது, படிச்சீங்களா என்று கேட்டாள். படிக்கிற கண் சுருங்கிக்கொள்ளுமாம். அவள் உரக்கக் கேட்கவில்லை, ஆனால் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் வரிசையில் எல்லோருக்கும் காது மட்டும்தான் வேலை செய்கிறது. இன்னும் ஒரு சொட்டு விட வேண்டும், அதற்குப் பத்து நிமிஷம், பிறகு பதினைந்து நிமிஷம், டாக்டர் ஒரு மணிக்கு எழுந்துவிடுவார் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. கயத்தாறுக்காரர் சிரித்ததை உணர்ந்தேன், சத்தமில்லாத சிரிப்பு, நாற்காலி மட்டும் ஆடியது. என் மடியில் இருந்து நோட்டு போய்விட்டது.

மதினி எடுத்துக்கொண்டுவிட்டாள். இனி நீ படிச்சா அந்தப் பிள்ளை ஊசியே போட்ருவா, நான் வாசிக்கேன், நீ சும்மா கேளு என்றாள். மதினி எட்டாவது வரைக்கும் படித்தவள். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாகத் தெரியும், கூட்டினால் எங்கே போய் முடியும் என்பது தெரியாது. எஸ், யூ, பி, இ என்று கிணற்றில் கல் போடுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் போட்டாள். கடைசி எழுத்து விழுந்ததும் வரிசையே காத்திருக்கிற மாதிரி இருந்தது. சொல்லவா வேண்டாமா என்று யோசித்தேன். பார்க்கிறார்களா? யாரும் பார்க்க முடியாது. பதினோரு பேரும் கண்ணை மூடியிருக்கிறோம். திரும்பினாலும் எனக்குத் தெரியாது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சூப்பர்சீலியஸ் என்றேன். என் குரல் வெளியே எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது, அப்படி இல்லை, கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் நேராக இருந்தது. தலைக்கனம் பிடித்தவர்களைச் சொல்வது மதினி, லத்தீனில் அது வெறும் புருவம், புருவத்தைத் தூக்கிப் பார்க்கிறதால் அப்படி ஆகிவிட்டது என்றேன்.

“நம்ம ஜமுனா டீச்சரு,” என்றாள் மதினி உடனே. “கைக்குழி அளவு எடுக்கையில ஒத்தப் புருவத்தத் தூக்குவாங்கல்ல. அந்த ஊர்லயும் ஜாக்கெட்டு தைக்கவ ஒருத்திதான் இந்த வார்த்தையக் கண்டுபிடிச்சிருப்பா.”

யாரோ சிரித்தார்கள், தூரத்து நாற்காலியில் ஒரு பெண் குரல். மதினி அடுத்ததைக் கூட்டினாள். கம்பேனியன். கூட்டாளி, அதாவது கூட உட்கார்ந்து ரொட்டி தின்கிறவர், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம் என்றேன். மதினி பையில் இருந்து பன்னை எடுத்துப் பிய்த்துப் பாதியை என் கையில் வைத்தாள். கயத்தாறுக்காரர், அப்ப கூட டீ குடிக்கிறவனுக்கு என்னம்மா பேரு, எனக்கு அந்த மாதிரிதான் ஆளுங்க உண்டு என்றார். அதற்கு இன்னும் வார்த்தை வரவில்லை என்று நான் சொன்னேன். நான்தான் சொன்னேன், முகம் தெரியாத ஒரு மனிதருக்குப் பதில். பன் இனிப்பாக இருந்தது, தொண்டைக் கசப்போடு சேர்ந்து ஒரு மாதிரி ருசி. மதினி சில இடத்தில் பக்கத்தைத் தவறாகத் திருப்பி, கழுத்து ஏழு, முன் இறக்கம் பதினாலு, கொக்கி முதுகில் என்று வாசித்துவிட்டு, இது உன்னது இல்ல என்னது என்று நிறுத்தினாள். அதற்கும் சிரிப்பு. நாலாவது சொட்டு விழுந்ததே தெரியவில்லை. வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன், ஒவ்வொன்றும் வாயில் இருந்து இறங்கும்போது எனக்கே புதிதாக இருந்தது, அறுநூறு பேரை ஒரு அறையில் அடைத்து வைத்திருந்தவள் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. பயம் போகவில்லை. பயம் மடியில் நோட்டு இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது, ஆனால் அதுவும் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு மதினி, நடுவில் கடைசியாக நான் எழுதிய பக்கத்துக்கு வந்தாள். ஆர், இ, டி என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள். அந்தப் பக்கம் எது என்று எனக்குத் தெரியும். ரெட்டினா, விழித்திரை. அதற்குக் கீழே இரண்டு லத்தீன் வார்த்தைகள், கண்ணுக்குள் மிதக்கிற புள்ளிகளுக்கு டாக்டர்கள் வைத்த பெயர், பறக்கும் ஈக்கள் என்று தமிழில் எழுதியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை என்று தேதியும் போட்டிருக்கிறேன். மதினி குரலைத் தாழ்த்திக்கொண்டாள், இந்தத் தடவை எனக்கு மட்டும்.

“நீ எழுதுறத நான் தெனமும் பாக்கேன், தெரியுமா? அளவு எழுத நோட்ட எடுக்கையில ஒரு எட்டு திருப்பிப் பாத்துருவேன். எனக்கு இங்கிலீசு புரியாது, நீ பக்கத்துல தமிழ்ல எழுதுறது புரியும்லா. செவ்வாக்கிழமை பறக்கும் ஈன்னு எழுதியிருக்க. புதங்கிழமை வார்த்தையே இல்ல. வியாழன் இல்ல. அதுக்கு மேல ஒரு வாரமா ஒண்ணுமே இல்ல. நாலு வருசத்துல நீ ஒரு வாரம் விட்டதில்ல சக்தி. பெறகு சோத்துல இல்லாத ஈய வெரட்டுத.”

ஊரில் எல்லோரையும் கவனிக்கிறவள் நான் என்று ஒரு நினைப்பு எனக்கு உண்டு. யார் எப்படி நடக்கிறார்கள், யார் எந்த வார்த்தையில் தடுக்குகிறார்கள் என்று. என்னை ஒருத்தி தலைகீழாகத் திருப்பித் தினமும் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ரெட்டினான்னா என்ன போட்டிருக்க, வலையா என்று கேட்டாள். ஆமாம், வலை, லத்தீனில் என்றேன். வலைன்னா கிழிஞ்சாத் தைக்கத்தான செய்வாங்க என்றாள், அதைக் கிழிந்த பாவாடையைப் பற்றிச் சொல்கிற குரலில். பிறகு நோட்டைக் கடைசிக்குத் திருப்பி, நான் எழுதிய முதல் வார்த்தைக்குப் போய்விட்டாள். பி, யூ, பி. இதுக்குப் பக்கத்துல தமிழ்ல ஒண்ணுமே எழுதலியே, இது எங்கேயிருந்து வந்தது என்று கேட்டாள். அதற்கு எழுதத் தேவையே இருந்ததில்லை. சொல்ல வாயைத் திறந்தேன், சிஸ்டர் என் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டாள்.

மதினி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். டாக்டர் ஒரு பெண், குரல் இளமையாக இருந்தது. படுக்கச் சொன்னார். தலையில் விளக்கு மாட்டியிருந்தார் போல, வெளிச்சம் கண்ணுக்குள் இறங்கியபோது உலகம் முழுக்க ஆரஞ்சாகி, அதில் இலையில்லாத மரம் ஒன்றின் கிளைகள் தெரிந்தன, என் கண்ணின் ரத்தக் குழாய்கள்தான் என்று பிறகு சொன்னார். மேலே பாருங்க, வலது மேல, வலது, வலது கீழ. கீழே பார்க்கச் சொன்ன இடத்தில் அதிக நேரம் நின்றார். மறுபடியும் அதே இடம். அவர் மூச்சு விடுவது கேட்டது. அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன்? குப்புறக் கிடப்பதை நினைக்கவில்லை. மதினி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று நினைத்தேன். எழுந்து உட்காரச் சொன்னார். கிழியவில்லை என்றார். கண்ணுக்குள் இருக்கிற ஜெல்லி விழித்திரையை விட்டுக் கொஞ்சம் பிரிந்திருக்கிறது, பவர் அதிகமாக இருப்பவர்களுக்குச் சீக்கிரமே நடக்கும். ஓரத்தில் ஒரு இடம் மெலிந்திருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும். மின்னல் மாதிரி வெளிச்சம் தெரிந்தாலோ திரை விழுகிற மாதிரி இருந்தாலோ அன்றைக்கே ஓடி வர வேண்டும், ஒன்பது நாள் யோசித்துக்கொண்டு இருக்கக் கூடாது. அதைச் சொல்லும்போது மதினி என் முழங்கையைக் கிள்ளினாள். படிக்கலாமா என்று கேட்டேன். நானே கேட்டேன். படிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, நன்றாகப் படிங்க என்றார். இதை நீங்கள் என் அம்மாவிடம் வந்து சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொன்னேன். அந்த ஈ எப்போது போகும் என்று மதினி கேட்டாள். போகாது, பழகிவிடும், மூளை அதைப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொள்ளும் என்றார் டாக்டர்.

வெளியே தாழ்வாரத்தில் வந்து நின்றோம். ஒரு மணி வெயில், விரிந்த கண்ணுக்கு அது வெயிலாகவே இல்லை, வெள்ளையாக ஒரு சத்தம் மாதிரி இருந்தது. கண்ணீர் வழிந்தது. மருந்தாலா, வெளிச்சத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது, வேறு எதனாலும் இருக்கலாம். மதினி என்னைத் தூண் நிழலுக்கு இழுத்து, லைனிங் துணி வாங்காமல் போனால் உங்க அம்மா என்னைத் தோலுரிச்சிருவா, கடைக்குப் போய்ட்டுத்தான் ரயிலு என்று சொல்லிக்கொண்டே சேலைத் தலைப்பால் என் கன்னத்தைத் துடைத்தாள். பிறகு கண்ணோரத்தைத் துடைக்க முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்தாள், இன்னும் கிட்டத்தில், ஒரு சாண், அதற்கும் உள்ளே. கண்ணாடி என் பையில் இருந்தது. பனியாக இருந்த அவள் முகம் அந்த இடத்துக்கு வந்ததும் திடீரென்று துல்லியமானது, மூக்குத்தியின் ஒரு கல் மங்கியிருப்பதும், மேலுதட்டில் ஆரஞ்சு நார் ஒட்டியிருப்பதும் தெரிந்தது. துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. மதினி அசையாமல் என் கண்ணையே பார்த்தாள். பிறகு தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள், நிலைக்கண்ணாடி முன்னால் புதுச் சேலைக்குச் செய்வது போல.

“ஏட்டி, உன் கண்ணு எம்மாம் பெருசா கறுப்பா இருக்கு,” என்றாள். “உள்ள நான் இருக்கேன். குட்டியா, பொம்ம மாதிரி.”

நாலு வருஷமாக நான் சொல்லாமல் வைத்திருந்ததை அவள் எந்த அகராதியும் இல்லாமல் நின்ற இடத்திலேயே எடுத்துவிட்டாள். லத்தீன்காரனும் நம் ஊர்க்காரனும் எட்டிப் பார்த்த அதே இடத்தில் மூன்றாவதாக ஆறுமுகநேரிப் பொன்கனியும் எட்டிப் பார்த்துவிட்டாள். அதுதான் மதினி, நீங்க கேட்ட அந்த முதல் வார்த்தை அதுதான், எங்கேயிருந்து வந்ததுன்னு கேட்டீங்கள்ல என்றேன். எங்கேயிருந்து என்றாள், இன்னும் தன்னையே பார்த்துக்கொண்டு. சொல்ல ஆரம்பித்தேன். அப்போது அவளுடைய நெற்றிக்கு மேலே ஈ மெதுவாக, தாமதமாக, இரண்டு வாலையும் இழுத்துக்கொண்டு மிதந்து வந்தது. நான் கையை வீசவில்லை. அது போகிற வழியே போகட்டும் என்று விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.